ஒரு பானை சோற்றுக்கு ரெண்டு பாக்கெட்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். (வழக்கமான சாக்குதான், விடுங்க.) இந்த முறை கொஞ்சம் நெட்வொர்க் சரித்திரம். பயப்படாதீங்க மக்களே, ஒரு வகுத்தல் கணக்கு, ஒரு விகிதக் கணக்கு, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புக்கு மேல் எதுவும் கிடையாது. நடுவில் நான் ஒருத்தருக்குச் செய்த அநியாயமும் வரும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

2022-ல் எங்கள் கம்பெனிக்கு ஒரு வாடிக்கையாளர். பல ஊர்களில் கிளைகள் உள்ள வியாபார நிறுவனம். கிளைகளும் தலைமை அலுவலகமும் வீடியோ மீட்டிங் வைத்துக்கொள்ள நாங்கள் ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தோம். எல்லா ஊரிலும் ஒழுங்காக ஓடியது, ஒரே ஒரு கிளையைத் தவிர. அங்கே மட்டும் மதியம் மீட்டிங் ஆரம்பித்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், அப்புறம் எல்லாரும் சிலையாக நிற்பார்கள். நெட் ஸ்லோவா, சாஃப்ட்வேர் ஸ்லோவா என்று மேலிடத்தில் கேட்டார்கள். கண்டுபிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பந்தாவாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எங்கள் பக்கத்து 100 மெகாபிட் லைனிலிருந்து அந்தக் கிளைக்கு நூறு பாக்கெட்டுகளை ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்றாக, முடிந்த வேகத்தில் அனுப்பும். அந்தப் பக்கம் முதல் பாக்கெட் வந்ததிலிருந்து கடைசிப் பாக்கெட் வரும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். வந்து சேர்ந்த பிட்டுகளை அந்த நேரத்தால் வகுத்தால் விடை. கிளையின் லிங்க் விநாடிக்கு 10 மெகாபிட். என் ஸ்கிரிப்ட் சொன்னது 9.2. அதாவது லிங்க் ஏறக்குறைய சும்மா கிடக்கிறது. தப்பு லிங்கிலும் இல்லை, எங்கள் சாஃப்ட்வேரிலும் இல்லை, கிளைக்குள் ஓடுகிற கேபிளிலோ ஸ்விட்சிலோதான் என்று கலர் கலராக கிராஃப் போட்டு அவர்கள் மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன்.

அந்தக் கிளையில் சிஸ்டம்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு அண்ணன். நாற்பது வயதிருக்கும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், சிசிடிவி நின்றாலும் அவர்தான். போனில் மரியாதையாகத்தான் சொன்னார். "சார், மூணு மணிக்கு மேல ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஸ்டாக் டேட்டா இறங்கும் சார். அதுக்கு 9 எம்பின்னு லிமிட் போட்டு வெச்சிருக்காங்க. அது ஓடறப்பதான் உங்க வீடியோ நிக்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணே, மூணரை மணிக்குத்தான் அளந்தேன். 9.2 காலியா இருக்கு. நம்பர் பொய் சொல்லாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாளாக உட்கார்ந்து கிளை முழுக்க கேபிளைப் பிடுங்கி மாற்றினார். திங்கட்கிழமை மூன்று மணிக்கு மீட்டிங் அதே மாதிரி நின்றது. அத்தனை பேர் முன்னால் அவருடைய மேனேஜர் அவரைக் கேட்ட கேள்விகள், உடைந்து உடைந்து, எனக்கும் கேட்டன.

என்னுடைய 9.2 எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள நான் நாற்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது.

முதலில் ஒரு வார்த்தைத் தகராறு. பேண்ட்விட்த் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் ரெண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒன்று கொள்ளளவு: குழாய் மொத்தம் எவ்வளவு தாங்கும். இன்னொன்று மீதி: மற்றவர்கள் உபயோகித்தது போக இப்போது எவ்வளவு காலி. பஸ்ஸில் மொத்தம் எத்தனை சீட் என்பது வேறு, எனக்கு உட்கார எத்தனை சீட் இருக்கிறது என்பது வேறு. கேட்கும்போது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதா? இந்த ரெண்டையும் ஒழுங்காகப் பிரிக்க ஆராய்ச்சியாளர்களுக்கே வருஷக்கணக்கில் ஆனது.

இதில் என்ன கஷ்டம் என்றால், நடுவில் இருக்கிற ரூட்டர்கள் நம்மிடம் பேசாது. 'ஐயா, உங்களிடம் எவ்வளவு காலி?' என்று அவற்றைக் கேட்க வழியில்லை. இந்த முனையில் ஒரு கடிகாரம், அந்த முனையில் ஒரு கடிகாரம். நடுவில் இருப்பது இருட்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங் நிரல், நீர்மூழ்கிக் கப்பல்காரர்களின் சோனார் சத்தத்தைப் பெயராக வைத்துக்கொண்டு, போய்வர எவ்வளவு நேரம் என்று மட்டும் சொன்னது. தூரம் தெரியும், அகலம் தெரியாது.

அகலத்தைப் பற்றிக் கவலைப்பட வைத்தது 1986 அக்டோபர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலையின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே 400 கெஜம்தான். நடந்தால் அஞ்சு நிமிஷம். அந்தத் தூரத்தில் விநாடிக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த தகவல் திடீரென்று விநாடிக்கு 40 பிட்டாக இறங்கியது. கிலோபிட் இல்லை, பிட். விநாடிக்கு அஞ்சு எழுத்து. பேப்பரில் எழுதி ஒரு பையனிடம் கொடுத்து ஓடச் சொல்லியிருந்தால் சீக்கிரம் போயிருக்கும். ஜான் நேகிள் என்பவர் 1984-லேயே இப்படி நடக்கும் என்று எழுதி, அதற்கு நெரிசல் சரிவு என்ற அர்த்தத்தில் பெயரும் வைத்திருந்தார். பாக்கெட் வந்து சேர்ந்ததாகப் பதில் வரவில்லை என்றால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். நெரிசலால் பதில் லேட்டானாலும் மறுபடி அனுப்புவார். அது நெரிசலை இன்னும் கூட்டும். கடைசியில் குழாய் முழுக்க ஒரே பாக்கெட்டின் நகல்களாக ஓடும்.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்ஸன் இதை நோண்ட ஆரம்பித்தார். பெர்க்லி யூனிக்ஸ் பக்கத்திலிருந்து மைக் கேரல்ஸ் கூட்டு. 1988-ல் வந்த அவர்களுடைய கட்டுரைதான் இன்றுவரை டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டுக்கு அஸ்திவாரம். எல்லாரும் அதிலுள்ள வழிமுறைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதிலிருக்கிற முதல் படம். அகலமான குழாய், நடுவில் ஒல்லியான குழாய், மறுபடி அகலமான குழாய். ஒல்லிக் குழாய்க்குள் ஒவ்வொரு பாக்கெட்டும் நசுங்கி நீளமாகிறது. வெளியே வந்ததும் பழைய உருவத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் பாக்கெட்டுகளுக்கு நடுவே விழுந்த இடைவெளி மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது.

ஒரு நேரத்தில் ஒரே லாரி போகக்கூடிய பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு லாரி ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வருகிறது. முதல் லாரி கடந்த பிறகுதான் ரெண்டாவது நுழைய முடியும். பாலத்தைத் தாண்டி நாலு வழிச் சாலையில் நீங்கள் நின்று பார்த்தால், ரெண்டு லாரிக்கும் நடுவே உள்ள நேரம் ஒரு லாரி பாலத்தைக் கடக்க ஆன நேரம். நீங்கள் பாலத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதன் அளவு கையில் வந்துவிட்டது.

கணக்கும் அவ்வளவுதான். 1,500 பைட் பாக்கெட் என்றால் 12,000 பிட். ரெண்டு பாக்கெட் 1.2 மில்லிவிநாடி இடைவெளியில் வந்தால், வகுத்துப் பாருங்கள், பாதையிலேயே குறுகலான லிங்க் விநாடிக்கு 10 மெகாபிட். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுபோல ரெண்டு பாக்கெட் பதம்.

இந்தப் பாக்கெட் ஜோடி யோசனையை ஒரு முழு முறையாகச் செய்தவர் ஸ்ரீனிவாசன் கேசவ். டெல்லி ஐஐடியில் படித்துவிட்டு பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1991-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு நிபந்தனை இருந்தது. ரூட்டர்கள் எல்லாம் நியாயமாக நடக்க வேண்டும். அதாவது ஒவ்வொருவருடைய பாக்கெட்டுக்கும் தனித்தனி வரிசை, முறை வைத்து ஆளுக்கு ஒன்றாக அனுப்பவேண்டும். பந்தியில் இலை இலையாகப் பரிமாறிக்கொண்டு போவது மாதிரி. அப்படி நடந்தால் என் ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவே மற்ற எல்லாருடைய பாக்கெட்டும் ஒவ்வொன்று போயிருக்கும். அப்போது அந்த இடைவெளி என் பங்கு எவ்வளவு என்பதையே சொல்லிவிடும். ரொம்ப அழகான யோசனை.

ஆனால் இணையத்தில் பெரும்பாலான ரூட்டர்கள் அப்படிப் பரிமாறவில்லை. யார் முதலில் வந்தாரோ அவர் முதலில், ஒரே வரிசை, ரேஷன் கடை முறை. கேசவின் நிபந்தனையைக் கழற்றி வைத்துவிட்டு, அவருடைய வகுத்தலை மட்டும் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். (முப்பது வருஷம் கழித்து அடியேனும் அதைத்தான் செய்தேன்.)

நிபந்தனை போனால் என்ன ஆகும்? என் ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவே வேறு யாருடைய பாக்கெட்டாவது நுழைந்துவிட்டால் இடைவெளி கூடும், குழாய் சின்னதாகத் தெரியும். குறுகலைத் தாண்டிய பிறகு இன்னொரு ரூட்டரில் முதல் பாக்கெட் கொஞ்சம் காத்திருக்க நேர்ந்தால், ரெண்டாவது வந்து ஒட்டிக்கொள்ளும். இடைவெளி குறையும், குழாய் பெரிதாகத் தெரியும். ஒரு சோற்றைப் பதம் பார்க்கலாம், சரி. பானையில் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வெந்தால்தானே?

இருந்தாலும் அந்தக் காலத்து அளவீடுகளில் சில வியக்க வைக்கும். 1993-ல் பிரான்சின் இன்ரியா நிறுவனத்திலிருந்து ழான் போலோ, அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கு சீரான இடைவெளியில் சின்னச் சின்ன பாக்கெட்டுகளை அனுப்பி, ஒவ்வொன்றும் போய்வந்த நேரத்தை அடுத்ததன் நேரத்தோடு சேர்த்து புள்ளியாக வைத்தார். புள்ளிகள் ஒரு கோட்டில் வரிசையாக நின்றன. அந்தக் கோட்டை வைத்தே, நடுவில் அட்லாண்டிக்கைக் கடக்கிற லிங்க் 128 கிலோபிட் என்பதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஒரு சமுத்திரத்தைத் தாண்டுகிற லிங்க் 128 கிலோபிட்! இன்றைக்கு ஒரு எம்பி3 பாட்டு கேட்க ஆகிற அளவு.

1997-ல் வெர்ன் பேக்ஸன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக 35 இடங்களுக்கு நடுவே 20,000 டிசிபி பரிமாற்றங்களைப் பதிவு செய்து, பாக்கெட் ஜோடி எங்கெங்கே சொதப்புகிறது என்று துருவினார். ஒரு உதாரணம் மட்டும். ஐஎஸ்டிஎன் லைனில் 64 கிலோபிட் தடங்கள் ரெண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஜோடியில் ஒரு பாக்கெட் இந்தத் தடத்தில், இன்னொன்று அந்தத் தடத்தில் போனால்? ரெண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கவே இல்லை. இடைவெளிக்கு அர்த்தமே கிடையாது. ஆனாலும் வகுத்தால் ஒரு விடை வரும். வகுத்தலுக்கு என்ன தெரியும் பாவம்.

அதே 1997-ல் வான் ஜேக்கப்ஸன் பாத்சார் என்று ஒரு கருவியை வெளியிட்டார். பாதையில் ஒவ்வொரு ரூட்டர் வரைக்கும் வெவ்வேறு சைஸில் நூற்றுக்கணக்கில் பாக்கெட் அனுப்பும். பெரிய பாக்கெட் லிங்கில் ஏற அதிக நேரம் எடுக்கும் இல்லையா? சைஸ் கூடக் கூட நேரம் எவ்வளவு கூடுகிறது என்பதிலிருந்து ஒவ்வொரு லிங்கின் கொள்ளளவையும் தனித்தனியாகக் கணக்கிடும். பொறுமைசாலிகளுக்கான கருவி, முடிவதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். இதிலும் ஒரு வில்லங்கம் பின்னால் தெரியவந்தது. நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஈதர்நெட் ஸ்விட்ச் உட்கார்ந்திருந்தால், அது பாக்கெட்டை முழுசாக வாங்கி மறுபடி முழுசாக அனுப்பும். நேரம் ரெட்டிப்பு. 100 மெகாபிட் லிங்கை 50 என்று கருவி சொல்லும்.

இதெல்லாம் கொள்ளளவுக் கதை. மீதியை அளக்கப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் பாஸ்டன் பல்கலையின் ராபர்ட் கார்ட்டரும் மார்க் க்ரொவெல்லாவும். 1996. ஒரே ஃபைல் நாலு சர்வரில் இருக்கிறது, எதிலிருந்து இறக்கினால் சீக்கிரம் வரும் என்ற நியாயமான கேள்வி. ரெண்டு கருவி செய்தார்கள். பிப்ரோப் கொள்ளளவுக்கு. சிப்ரோப் மீதிக்கு. சிப்ரோப் என்ன செய்யும்? சில பாக்கெட்டுகளை ரயில் மாதிரி கோர்த்து வேகமாக அனுப்பும். திரும்பி வரும்போது முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் நடுவே உள்ள நேரத்தைப் பார்த்து வகுக்கும்.

ஆமாம். என் ஸ்கிரிப்ட்.

யோசனை பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுடைய பாக்கெட்டுகள் என் ரயில் பெட்டிகளுக்கு நடுவே நுழையும், ரயில் நீளும், நீண்ட அளவுக்கு மீதி குறைவு. அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். அஞ்சு வருஷம் கழித்து, 2001-ல், கான்ஸ்டான்டினோஸ் டோவ்ரோலிஸ், பரமேஸ்வரன் ராமநாதன், டேவிட் மூர் மூன்று பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாக்கெட்டுகள் விரிவதை அளக்கும் முறைகள் உண்மையில் எதைத்தான் அளக்கின்றன என்பதுதான் தலைப்பே. ரயில் முறையில் வருகிற விடை மீதியும் இல்லை, கொள்ளளவும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிற மூன்றாவது ஒன்று என்று காட்டினார்கள்.

ஏன் என்பதற்கு தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கம் போங்கள். பஸ் வந்து நிற்கிறது. நீங்கள் பத்துப் பேரோடு முண்டியடித்து ஏறி எட்டு சீட் பிடித்துவிட்டீர்கள். 'பஸ்ல எட்டு சீட் காலியா இருந்துச்சு' என்று சொல்வீர்களா? இருந்திருக்காது. பின்னால் ஒரு பாட்டியும் குழந்தையும் நின்றுகொண்டு வருவார்கள். முதலில் வந்தவருக்கு முதல் என்ற வரிசையில் எவன் அதிக வேகத்தில் தள்ளுகிறானோ அவனுக்கு அதிகப் பங்கு. விகிதாசாரப்படி.

இங்கேதான் அந்த விகிதக் கணக்கு. 10 மெகாபிட் லிங்க், அதில் 5 மெகாபிட்டுக்கு வேறு யாருடைய தகவலோ ஓடுகிறது. மீதி 5. நான் 10 மெகாபிட் வேகத்தில் ரயிலை விட்டால் வாசலில் வருவது என்னுடையது 10, அவர்களுடையது 5. பதினைந்தில் பத்து பங்கு எனக்கு. 6.67 என்று விடை வரும். 100 மெகாபிட் வேகத்தில் விட்டால்? 105-ல் 100 பங்கு. 9.5. மீதி அதே 5-தான், மாறவே இல்லை. எவ்வளவு முரட்டுத்தனமாக இடித்தேன் என்பது மட்டும்தான் மாறியது.

இதைப் படித்தபோது ராத்திரி பதினொரு மணி. கால்குலேட்டரை எடுத்தேன். எங்கள் பக்கம் 100 மெகாபிட். கிளையில் லிங்க் 10. மூன்று மணிக்கு மேல் ஸ்டாக் டேட்டா, அந்த அண்ணன் சொன்ன லிமிட்படி, 9. நூறை நூற்றி ஒன்பதால் வகுத்து பத்தால் பெருக்கினேன்.

9.17.

ரிப்போர்ட்டில் நான் போட்டிருந்தது 9.2. உண்மையில் காலியாக இருந்தது 1. நம்பர் பொய் சொல்லவில்லைதான். நான் கேட்காத கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லியிருந்தது. சரியான நம்பரை அந்த அண்ணன் ஒரு கருவியும் இல்லாமல் போனிலேயே சொல்லிவிட்டார், பத்தில் ஒன்பதைக் கழித்தால் போதும்.

மறுநாள் காலையில் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், தப்பு என்னுடையது, கேபிள் மாற்றினது எல்லாம் வீண் வேலை, மன்னிச்சிடுங்கண்ணே என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அதுவரை சார் போட்டுக்கொண்டிருந்தவர், "தம்பி, அந்த ரிப்போர்ட்டை எங்க மேனேஜருக்கு அனுப்பினீங்கள்ல? இதையும் அவருக்கே அனுப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். அனுப்பினேன். எங்கள் டீம் லீடுக்கு அது பிடிக்கவில்லை, வாடிக்கையாளரிடம் இப்படி எழுத்தில் ஒப்புக்கொள்ளலாமா என்று தனியாகக் கூப்பிட்டு டோஸ் விட்டார். ஸ்டாக் டேட்டாவை ராத்திரிக்கு மாற்றினார்கள். வீடியோ ஓடியது.

சரித்திரத்துக்கு வருவோம். தப்பைக் கண்டுபிடித்த டோவ்ரோலிஸ், மணீஷ் ஜெயினோடு சேர்ந்து 2002-ல் பாத்லோட் என்று ஒரு கருவி செய்தார். இதிலிருக்கிற யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நான் வந்ததால் வரிசை நீள்கிறதா என்று மட்டும் பார். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நூறு பாக்கெட் அனுப்பு. அந்த வேகம் மீதியைவிட அதிகமாக இருந்தால், ரூட்டர் வாசலில் வரிசை நீண்டுகொண்டே போகும், ஒவ்வொரு பாக்கெட்டும் முந்தினதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாமதிக்கும், மாடிப்படி மாதிரி. வேகம் மீதிக்குள் இருந்தால் தாமதம் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ஏறினால் வேகத்தைக் குறை, ஏறாவிட்டால் கூட்டு. அந்தப் பக்கத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் தப்பாக ஓடினாலும் கவலையில்லை, ஏற்றம் ஏற்றம்தானே.

இன்னொன்றும் செய்தார்கள். பாத்லோட் ஒரு நம்பரைத் தராது, ஒரு வரம்பைத் தரும். இதிலிருந்து இதுவரை என்று. காரணம் இருக்கிறது. ஒரு லிங்கை ஒரு நொடியின் துணுக்கில் நிறுத்திப் பார்த்தால், அது ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும், இல்லை சும்மா இருக்கும். பாதி காலி என்று ஒரு நிலையே கிடையாது. ஒரு காலஅளவுக்குச் சராசரி எடுத்தால்தான் மீதி என்பதற்கே அர்த்தம், காலஅளவை மாற்றினால் விடையும் மாறும். இதையும் இன்னும் ஒன்பது பொதுவான தப்புகளையும் ஜெயினும் டோவ்ரோலிஸும் 2004-ல் பத்து என்று எண்ணிப் பட்டியலே போட்டார்கள்.

அதே சமயத்தில் ரைஸ் பல்கலைக்காரர்கள் பாத்சர்ப் (2003, குருவி கீச்சிடுகிற மாதிரி பாக்கெட்டுகளை வரவர நெருக்கி அனுப்புவது), எம்ஐடிக்காரர்கள் ஸ்ப்ரூஸ் என்று ஆளுக்கொன்று செய்தார்கள். கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வந்தது கடிகாரத்துக்கு. லிங்குகள் விநாடிக்கு ஒரு கிகாபிட் ஆனபோது, 1,500 பைட் பாக்கெட்டுகளுக்கு நடுவே இடைவெளி வெறும் 12 மைக்ரோவிநாடி. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ப்ராசஸரை எழுப்பினால் தாங்காது என்று நெட்வொர்க் கார்டுகள் பாக்கெட்டுகளை சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுக்க ஆரம்பித்தன. தபால்காரர் ஒரு வாரத்துக் கடிதத்தை ஒரே நாளில் கொண்டுவந்து போட்டால், எது என்றைக்கு வந்தது என்று எப்படிச் சொல்வது? 1988-ன் அந்த முதல் படத்தில் 'அப்படியே தங்கிவிடுகிறது' என்றேனே, அந்த இடைவெளி கடைசி அரை அடியில், நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே, அழிந்துபோகும்.

தனியாக அளக்கிற கருவிகளின் மவுசு குறைந்தாலும், யோசனைகள் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. பிரவுசர் வழியாக வீடியோ காலில் பேசுகிறீர்களே, அதற்காக கூகுள் செய்த நெரிசல் கட்டுப்பாடு, பாக்கெட்டுகளின் தாமதம் ஏறுகிறதா என்று பார்த்து வீடியோவின் தரத்தைக் கூட்டிக் குறைக்கும். பாத்லோட் பார்த்த அதே மாடிப்படி.

2016-ல் கூகுளிலிருந்து பிபிஆர் வந்தது. கட்டுரை எழுதிய அஞ்சு பேரில் ஒருவர் வான் ஜேக்கப்ஸன். 1988-ல் இடைவெளி தங்கிவிடுகிறது என்று படம் போட்ட அதே மனுஷர், இருபத்தெட்டு வருஷம் கழித்து! இதில் டிசிபி தானே தன் பாதையை அளந்துகொண்டே போகும். கடைசிப் பத்து சுற்றில் கிடைத்த அதிகபட்ச வேகம் எவ்வளவு, கடைசிப் பத்து விநாடியில் மிகக் குறைந்த தாமதம் எவ்வளவு என்று ரெண்டு நம்பர் வைத்துக்கொள்ளும். அவ்வப்போது கால் பங்கு வேகம் கூட்டிப் பார்க்கும், உடனே கால் பங்கு குறைத்து தேங்கியதை வடியவிடும்.

2017-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகர ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். பிபிஆர் தனியாக ஓடினால் பிரமாதம். ஒரே லிங்கில் பல பிபிஆர் ஓடினால் சிக்கல். ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த அதிகபட்சத்தையே தன் பங்கு என்று பிடித்துக்கொள்கிறது. எல்லாருடைய அதிகபட்சத்தையும் கூட்டினால் லிங்கின் கொள்ளளவைத் தாண்டிவிடுகிறது. வரிசை நீள்கிறது, இல்லையென்றால் பாக்கெட்டுகள் உதிர்கின்றன. பக்கத்தில் ஓடுகிற பழைய டிசிபிக்கு இடமில்லாமல் போவதும் உண்டு. திரும்பவும் கிளாம்பாக்கம்தான். பின்னால் வந்த பதிப்புகளில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள், மூன்றாவது பதிப்பு 2023-ல் வெளியானது.

பி.கு.: என் ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு பாத்லோட் மாதிரி ஒன்று எழுதினேன். இப்போது அது வரம்பைத்தான் சொல்லும். போன மாதம் ஒரு கிளைக்கு '3-லிருந்து 6 மெகாபிட் வரை' என்று ரிப்போர்ட் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன். "சார், எக்செல்ல ஒரு கட்டம்தான் இருக்கு. 4.5-னு போட்டுக்கட்டுமா?"